மெல்லுவதை நிறுத்திய இடம்

நூலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் எப்போதோ போய்விட்டது. குழந்தைகள் பிரிவுக்குப் புது நாவல்களைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை என்பதால் 'சின்ன அலமாரி' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். ஆள் என்னவோ ஆறடி. கிடங்கு அறைக்குள் நுழையும்போதெல்லாம் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்வார். பெரியவர்களுக்கான நாவல்களைத் தேர்ந்தெடுக்கும் அம்மாள் அவர் தோள் உயரம்கூட இருக்கமாட்டார். அவருக்குப் பட்டம் 'பெரிய அலமாரி'. இருவருக்கும் இது பழகிப்போய், தொலைபேசியை எடுத்தால் "சின்ன அலமாரி பேசறேன்" என்று அவரே சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிப்பகங்களிலிருந்து மாதிரிப் பிரதிகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். எல்லாம் கடந்த ஓராண்டுக்குள் வெளியானவை. ஆளுக்கு ஐம்பது அறுபது நாவல் சேரும். அதில் பன்னிரண்டைப் பொறுக்கிப் பட்டியல் போட்டுத் தலைமை நூலகரிடம் தர வேண்டும். பெரிய அலமாரி எந்த நாவலிலும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிப்பார். முடிவு தெரிந்த பிறகும் முதல் பக்கத்துக்குப் போகத் தோன்றினால் நாவல் தேறிவிட்டது என்பது அவர் கணக்கு. கொலைக் கதைகளைக்கூட அப்படித்தான் படிப்பார், பாவம்.

சின்ன அலமாரியின் வழி வேறு. அது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவளைச் சாப்பிட வைப்பது பெரும்பாடு. எதைக் கொடுத்தாலும் ஓரத்தில் கொறித்துவிட்டு மீதியைத் தள்ளி வைப்பாள். அதனாலேயே வீட்டில் அவளுக்கு 'எலி' என்று பெயர். ஒருநாள் மாலை, கவனத்தைத் திருப்பினால் நாலு வாய் கூடுதலாக இறங்குமே என்று, பையிலிருந்த மாதிரிப் பிரதி ஒன்றை எடுத்துச் சத்தமாகப் படித்தார். எலி ஒழுங்காக மென்றுகொண்டே கேட்டாள். மூன்றாம் அத்தியாயத்தில், கதையில் வரும் யானைக்குட்டி ரயில் பெட்டியின் கதவைத் தானே சாத்திக்கொண்டு திறக்கத் தெரியாமல் முழித்த இடத்தில், மெல்லும் சத்தம் நின்றது. கன்னத்தில் ஒரு கவளத்தை அடக்கிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் அந்தப் புத்தகத்தைப் பட்டியலில் சேர்த்தார். ஒரே வருடத்தில் அட்டை கிழிகிற அளவுக்கு அது கைமாறியது.

அன்றிலிருந்து அதுவே சட்டம். எலி மெல்லுவதை நிறுத்தினால் புத்தகம் உள்ளே, நிறுத்தாவிட்டால் வெளியே. ஏழு வருடம் இப்படியே ஓடியது. அவர் மனைவி பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். வாயில் சோற்றை அடக்கிவைத்தால் பல் என்னத்துக்கு ஆகும் என்று ஏழு வருடமும் சொல்லிப் பார்த்தார். இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல நாவலுக்காக ஒரு பல் போனால் போகட்டும் என்று அப்பாவும் மகளும் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் அவர் நாள் முழுக்க வேலை பார்த்தார் என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது எலிக்குப் பதின்மூன்று. இந்த முறை கட்டு வந்த அன்று, அவர் பையைத் திறந்துகொண்டிருக்கும்போதே, இனிமேல் தானே படித்துக்கொள்ளலாம் என்று இருப்பதாக அவள் போகிறபோக்கில் சொன்னாள். அவர் வாய்க்குள் ஏதோ முனகிவிட்டு, இந்த ஒரு கட்டு மட்டும் முடியட்டுமே என்றார். சரி என்றுவிட்டாள். 

முதல் நாள் ஒரு நாவலின் மூன்று அத்தியாயங்களைப் படித்தார். எலி மென்றாள். இரண்டாம் நாள் வேறொன்று. மென்றாள். விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்கள், பிரிந்த தோழிகள், ரகசியக் கடிதம், காணாமல் போன அண்ணன் என்று ஒன்பது நாளில் ஒன்பது கதை. மகள் மாவு அரைக்கும் இயந்திரத்துக்குப் போட்டியாக விடாமல் மென்று, விழுங்கி, தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனாள். அந்த ஒன்பது நாளில் அவள் சாப்பிட்ட மாதிரி பிறந்ததிலிருந்து சாப்பிட்டதில்லை. அம்மாவுக்கு மட்டும் பரம திருப்தி.

பத்தாம் நாள் காலை தலைமை நூலகர் கூப்பிட்டனுப்பினார். அதிகம் பேசாத பெண்மணி அவர். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். சின்ன அலமாரி உள்ளே போனபோது கண்ணாடி மேசைமேல் இருந்தது. பக்கத்தில் ஏழு வருடப் பட்டியல்கள், வரிசையாக.

ஓர் அம்மா வந்து புகார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய ஆறு வயது மகனுக்கு எடுத்துப் போகப் புதிதாக ஒரு குட்டி நாவல்கூட அலமாரியில் இல்லையாம். தலைமை நூலகர் முதலில் நம்பவில்லை. பிறகு பட்டியல்களை எடுத்துப் பார்த்தாராம். முதல் வருடம் முழுக்க யானைக்குட்டியும் தொப்பி தொலைத்த வாத்தும். இரண்டாம் மூன்றாம் வருடத்தில் துப்பறியும் வாண்டுகள். பிறகு புதையல், தீவு, பள்ளிக்கூடச் சண்டை. கடைசி இரண்டு வருடங்களில் விடுதி, தோழிகள், கண்ணீர், கடிதம். ஐந்து வருடமாக எட்டு வயதுக்குக் கீழ் ஒரு புத்தகம்கூட வாங்கப்படவில்லை. சின்னப் பிள்ளைகள் அந்தப் பழைய யானைக்குட்டியையே ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், உங்க அலமாரிக்கு வருஷா வருஷம் ஒரு வயசு கூடியிருக்கு" என்றார் தலைமை நூலகர். "யாரோ ஒரே ஒரு குழந்தைக்காக வாங்கின மாதிரி இருக்கு."

சின்ன அலமாரிக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஐம்பது நாவலிலிருந்து எதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பையில் போடும்போதே அவர் கை எலியின் வயதைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறது. மற்றவையெல்லாம் புரட்டிக்கூடப் பார்க்கப்படாமல் திரும்பிப் போயிருக்கின்றன. வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உலகத்துப் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தது ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு நாவலும் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் இருக்கும்படி புதுப் பட்டியல் வேண்டும் என்றார் தலைமை நூலகர். அதுவும் சரியாக வராவிட்டால் அடுத்த முறையிலிருந்து இரண்டு அலமாரிக்கும் பெரிய அலமாரி அம்மாளே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது. வெள்ளிக்கு நான்கு நாள் இருந்தது.

கட்டின் அடியில் கிடந்த குட்டி நாவல்களை எல்லாம் வாரிக்கொண்டு போய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனக்குத்தானே படித்துப் பார்த்தார். தான் மெல்லுகிறோமா நிறுத்துகிறோமா என்று தானே கவனிப்பது நடக்கிற காரியமா? நாக்கைக் கடித்துக்கொண்டதுதான் மிச்சம். பெரிய அலமாரியை எதிரில் உட்காரவைத்து ஒன்றைப் படித்தார். அந்த அம்மாள் இரண்டு பக்கம் பொறுத்துவிட்டு, கடைசியில் பூனை வீட்டுக்கு வருமா வராதா, அதைச் சொல்லிவிட்டு மேலே படி என்றார். சாயங்காலம் மனைவியிடம் முயன்றார். மனைவி மெல்லுவதை உடனே நிறுத்திவிட்டார். அவர் ஆவலாக நிமிர்ந்து பார்த்தால், கீழ்வரிசையில் இடதுபக்கம் ஒரு பல்லில் கறை படிகிறது, ஒருநாள் வந்து காட்டுங்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் சாப்பாட்டு மேசையில் இருபத்தாறு குட்டி நாவல்களை அடுக்கிவைத்துக்கொண்டு, எதையும் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். எலி தட்டோடு வந்தவள் அட்டைகளைப் பார்த்துவிட்டு, என்ன இது, எல்லாம் பாப்பா புத்தகமாக இருக்கிறதே என்று கேட்டாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார். புகார், ஏழு வருடப் பட்டியல், அலமாரிக்கு வயதானது, வெள்ளிக்கிழமை, எல்லாம். சொல்லிவிட்டு, தப்பு அவளுடையது இல்லை, தன்னுடையதுதான் என்றும் சேர்த்துக்கொண்டார். எலி முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் தன்னோடு சேர்த்து வளர வைத்துவிட்டாரே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் அப்பா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரம் தட்டின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"நான் எங்கேப்பா புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தேன்? நீங்கதான் தேர்ந்தெடுத்தீங்க. உங்களுக்குப் பிடிச்ச இடம் வரும்போது உங்க குரல் இறங்கிடும். ரகசியம் சொல்ற மாதிரி ஆயிடும். அது கேட்கணும்னுதான் நான் மெல்லாம இருப்பேன். மென்னா காதுக்குள்ள சத்தமா இருக்கும்ல."

அவர் புத்தக அடுக்கை ஓரமாக நகர்த்திவைத்தார்.

"சின்ன வயசுல தானா நின்னுது. ஒன்பது பத்து வயசுக்கு அப்புறம் தெரிஞ்சே நிறுத்துவேன். நான் நிறுத்தினதும் நீங்க பென்சிலை எடுத்து டிக் போடுவீங்க பாருங்க, அப்ப உங்க முகம் அவ்ளோ நல்லா இருக்கும்."

ஏழு வருடத்துக்கு முந்தைய யானைக்குட்டி உள்பட எல்லாம் அவருக்குள் ஒருமுறை புரண்டு படுத்தன. ஏமாந்துவிட்டோமே என்று தோன்றவில்லை.  இத்தனை நாள் அவர் மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து புத்தகத்தையும் கொஞ்சம் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"அப்ப இந்தத் தடவை ஏம்மா நிறுத்தல? ஒன்பது நாளும்?" என்று கேட்டார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டார்.

"இந்தத் தடவை உங்க குரல் இறங்கவே இல்லப்பா" என்றாள் எலி. "நீங்க புத்தகத்தைப் படிக்கவே இல்ல. என் வாயையே பார்த்துட்டு இருந்தீங்க. பயந்து போய்ப் பார்த்தீங்க. எனக்குச் சாப்பாடே ருசிக்கல. சீக்கிரம் முடிச்சா நீங்க நிறுத்துவீங்கன்னுதான் வேக வேகமா சாப்பிட்டேன்."

அம்மா உள்ளேயிருந்து, அதுதானே பார்த்தேன் என்று ஒரு குரல் கொடுத்தார்.  அப்பாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆறடி மனிதர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அழுதால் நன்றாகவா இருக்கும் என்று, மேலே கிடந்த புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டுகிறமாதிரி பாவனை செய்தார். எலி எழுந்தாள். அறைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தார். அவள் நாற்காலியைத் தூக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இப்பப் படிங்க. என் வாய் உங்களுக்குத் தெரியாது. நீங்க புத்தகத்தை மட்டும் பாருங்க. குரல் இறங்குற இடத்துல நான் கையைத் தூக்கறேன்."

அவர் படித்தார். முதல் புத்தகத்தில் வார்த்தைகள் நடுங்கிக்கொண்டு வந்தன. இரண்டாவதில் கொஞ்சம் நிதானம். மூன்றாவதில் நடு நடுவே மகளின் பின்னலைப் பார்த்தார். பின்னலிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே வேறு வழியில்லாமல் கதையைப் பார்த்தார். ஐந்தாவது புத்தகம் ஒரு பையனைப் பற்றியது. அவன் குடியிருக்கும் கட்டடத்தில் உள்ள லிஃப்ட் நாள் முழுக்க ஏறி இறங்கிக் களைத்துப்போகிறது என்று அவனுக்கு ஒரு கவலை. அது ஓய்வெடுக்கட்டும் என்று ஏழு மாடியும் படியேறியே போகிறான். மேலே போனதும் லிஃப்ட் கதவில் காதை வைத்து, அது தூங்குகிறதா என்று கேட்கிறான். அவர் தன்னை மறந்து அந்த வரியைப் படித்தார். நிமிர்ந்தபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளின் இடது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது.

செவ்வாய், புதன், வியாழன், மூன்று சாயங்காலமும் இப்படியே போயின. பதினொரு முறை கை உயர்ந்தது. பட்டியலின் பன்னிரண்டாவது புத்தகத்துக்குக் கை உயரவில்லை. ஆனால் தன் குரல் இறங்கியதை முதல் தடவையாக அவரே கேட்டார். அவரே டிக் போட்டார். எலி திரும்பிப் பார்த்து, அப்பாடா என்றாள்.

வெள்ளிக்கிழமை தலைமை நூலகர் பட்டியலைப் படித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மூன்று வாரத்தில் புத்தகங்கள் வந்து, முத்திரை குத்தி, எண் ஒட்டி, கைக்கெட்டுகிற கீழ்த்தட்டில் ஏறின. புகார் சொன்ன அம்மா பையனோடு வந்தார். முன்பல் இரண்டும் விழுந்த பையன். தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து லிஃப்ட் கதையைத் திறந்தான். வாயில் ஒரு பிஸ்கட்டை அதக்கிக்கொண்டிருந்தான். நூலகத்துக்குள் தின்னக் கூடாது என்று அறிவிப்புப் பலகை தொங்கியது. அதை எழுதித் தொங்கவிட்டதே சின்ன அலமாரிதான். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. அலமாரிக்குப் பின்னால் குனிந்து நின்று, அந்தத் தாடை நிற்கிறதா என்று பார்க்கலாமா என்று ஒரு சபலம் தட்டியது. வேண்டாம் என்று தன் மேசைக்கே திரும்பிவிட்டார். பையன் அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். அலமாரி அவரிடமே இருந்தது.

எலி சொன்னபடியே தன் புத்தகங்களைத் தானே படித்துக்கொள்ள ஆரம்பித்தாள், அறைக்குள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு. அவர் சாயங்காலங்களில் குட்டி நாவல்களைத் தனியாக மேசையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். தன் குரலைத் தானே கேட்கப் பழகிக்கொண்டார். வேலை நடந்தது. ஆனால் எதிர் நாற்காலி காலியாக இருப்பது பழகவில்லை.

அடுத்த கட்டு வந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அறைக் கதவு திறந்தது. எலி ஒரு தடித்த நாவலோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையில் பென்சிலும் ஒரு பட்டியலும். பெரிய அலமாரி அம்மாள் பெரியவர்களுக்கான நாவல் கட்டிலிருந்து அவளிடம் கொடுத்திருக்கிறாராம். முடிவு தெரிந்துவிட்டதால் தனக்கு இனி நியாயமாகச் சொல்ல வராது, நீ படித்துச் சொல்லு என்றாராம்.

"நீங்க சாப்பிடுங்கப்பா. நான் படிக்கறேன்" என்றாள்.

நாற்காலியைத் திருப்பிப் போடட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றாள், அவர் வாய் தெரிய வேண்டுமாம்.

அவள் படிக்க ஆரம்பித்தாள். பள்ளியில் ஒப்பிக்கிற குரல் இல்லை. வளர்ந்த பெண்ணின் குரல். இந்தக் குரல் வீட்டுக்குள் எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் முகத்தைப் பார்க்கக் கூடாது, புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு, தட்டைப் பார்த்தபடி நேர்மையாக மென்றார். இரண்டு பக்கம் போயிற்று. மூன்றாம் பக்கத்தில் ஏதோ ஓர் இடத்தில் எலியின் குரல் மெல்ல இறங்கியது, ரகசியம் சொல்வதுபோல. அப்படியே அவருடைய குரல்.

வாசிப்பு நின்றதும் அவர் நிமிர்ந்தார். எலி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தன் கன்னத்தில் ஒரு கவளம் மெல்லப்படாமல் அடங்கியிருப்பது அவருக்கே தெரிந்தது. அவள் முகம் மலர்ந்து, பென்சிலை எடுத்துப் பட்டியலில் டிக் போட்டாள்.

அந்த நாவல் பெரியவர்கள் அலமாரியில் ஏறியது. நிறையப் பேர் எடுத்துப் படிக்கிறார்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். சின்ன அலமாரிக்கு மட்டும் அதில் என்ன கதை என்று இன்றுவரை தெரியாது.